முகம் சுளிக்கும் பாடம்

அத்தியாயம் 9

மூன்று வாரமாக அந்தக் குழந்தை தன் அம்மாவிடம் வர மறுக்கிறது.

அழுது மறுத்தால்கூடப் பரவாயில்லை. மாலையில் பல் மருத்துவமனையிலிருந்து வந்து மருமகள் கையை நீட்டியதும் மூக்கைச் சுருக்கும். வாயின் இடது ஓரம் மேலே ஏறும். நாக்கு நுனி வெளியே வரும். கெட்டுப்போன எதையோ முகத்துக்கு நேரே வைத்துவிட்டதைப் போல ஒரு பார்வை. பிறகு மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அம்மாவின் மடியை விட்டு இறங்காது.

"அதான் சொல்றேன். நாள் பூரா கூட இருந்தா அம்மா. சாயங்காலம் வந்து எட்டிப் பாத்தா விருந்தாளி," என்றாள் மாமியார். போன வாரம் சொன்னதைத்தான் இந்த வாரமும் சொன்னாள். கூடுதலாக ஒரு பெருமூச்சு.

மருமகள் மதியச் சாப்பாட்டை எடுத்துப் பையில் வைத்தாள். இன்று வேலையை விட்டுவிடுவது என்று நேற்றே தீர்மானித்துவிட்டாள். கணவனிடம் சொன்னபோது, அவன் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "உனக்கு எது சரின்னு படுதோ செய்," என்றான். அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்வதா வேறு ஏதாவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளையே தன்னைப் பார்த்து முகம் சுளிக்கும்போது புருஷனின் குரலை அலசிப் பார்க்கத் தெம்பில்லை.

மாமனார் ஒருவர்தான் தடுத்தார்.

"இப்பவே விடாதம்மா. இன்னும் ஒரு மாசம் போ. வீட்டோட வழக்கம் சட்டுன்னு மாறினா குழந்தைக்கு நல்லதில்ல."

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஆளுமை வளர்ச்சி பற்றி வாழ்நாள் முழுக்கப் பாடம் எடுத்தவர் அவர். மனத்தின் அடியாழத்தில் என்ன இருக்கிறது என்று தேடியவர்கள், பிறவிக் குணம் என்பவர்கள், படிப்படியாக வளர்கிறது என்பவர்கள், எல்லோரைப் பற்றியும் சொல்லிவிட்டுக் கடைசியில், "இதெல்லாம் பரீட்சைக்கு. உண்மை என்னன்னா, குழந்தை ஒரு வெற்றுப் பலகை. நாம எழுதறதுதான் குணம்," என்று முடிப்பார். மாணவர்கள் அவருக்குப் பலகை வாத்தியார் என்று பேர் வைத்தார்கள். அது பட்டம் கொடுத்த மாதிரி அவருக்கு. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவரே சொல்வார்.

"விட்டுடாத," என்றாள் நாத்தனாரும், ரொட்டியைக் கடித்தபடி. அவள் ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறாள். இன்று அவளுக்கு விடுமுறை. "நீயும் வீட்டுல உக்காந்தா அப்பா உன்னையும் பலகையாக்கிடுவாரு. ஏற்கெனவே அம்மா மேல எழுத இடமில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். மருமகளும் சிரித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

*

மருத்துவமனையில் முதல் நோயாளி ஒரு சின்னப் பெண். கடைவாய்ப் பல்லில் குழி. நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டாள், விளக்கைப் பார்த்தாள், எல்லாம் சரியாகத்தான் போனது. வாயைத் திறக்கச் சொன்னதும் மட்டும் அருகில் நின்ற தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். ஒரு புருவம் மட்டும் நெற்றியின் பாதிக்கு ஏறியிருந்தது.

பெண்ணின் வாய் பூட்டிக்கொண்டது. அவளுடைய ஒரு புருவமும் ஏறியது. அதே பக்கத்துப் புருவம்.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய நிக்கிறீங்களா?" என்றாள் பெரிய டாக்டர். "வாய் உங்க பொண்ணோடது. பயம் உங்களோடது. ரெண்டையும் ஒண்ணா என்னால பாக்க முடியாது."

அம்மா வெளியே போனாள். பெண் அங்கிருந்த இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அவற்றில் பயம் ஒன்றும் இல்லை. வாயைத் திறந்தாள்.

மருமகள் அப்போது கண்ணாடித் தட்டில் வெள்ளைப் பொடியைக் கொட்டிக் கிராம்பு எண்ணெய் விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தாள். குழியைத் தற்காலிகமாக அடைக்கிற பசை. நாளெல்லாம் இதைத்தான் குழைப்பாள். கையுறை போட்டாலும் வாசனை விரலில் ஏறிவிடும். முடியில் தங்கும். பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், "பல் டாக்டரா?" என்று கேட்பார்கள்.

குழைத்த கை நின்றது.

அந்தப் பெண்ணின் புருவம் அவளுடையதல்ல, அம்மாவுடையது. அப்படியென்றால் தன் குழந்தையின் சுளிப்பு யாருடையது? ஒரு வயதுகூட நிறையாத குழந்தைக்கு வாயின் இடது ஓரத்தை மட்டும் இழுக்க யார் சொல்லிக்கொடுத்தது? தன் முகம் அப்படிப் போகாது. கணவன் முகமும் போகாது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ரோஜாச் செடி வைத்த அன்று, ஜன்னலை அறைந்து சாத்தினாளே நாத்தனார். அப்போது அவள் வாய் போன பக்கம் இடது.

பசையைப் பெரிய டாக்டரிடம் நீட்டிவிட்டு, "கொஞ்சம் வீடு வரைக்கும் போயிட்டு வரட்டுமா?" என்றாள்.

"காலைல ஏதோ ராஜினாமான்னு ஆரம்பிச்சியே?"

"அத வந்து சொல்றேன்."

"வந்து சொல்லு. வராம சொல்லாத," என்று பெரிய டாக்டர் பல்லுக்குள் குனிந்துகொண்டாள்.

*

வீட்டு வாசற்கதவு ஒருக்களித்திருந்தது.

கூடத்தில் குழந்தையைச் சாப்பாட்டு நாற்காலியில் உட்காரவைத்து இடுப்புப் பட்டி போட்டிருந்தார்கள். எதிரே மூன்று நாற்காலிகள் வரிசையாக. மாமியார், நாத்தனார், நடுவில் மாமனார். பெண் பார்க்க வந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

மாமனார் ஒரு சிறிய இடுக்கியால் பஞ்சு உருண்டையை எடுத்துக் குழந்தையின் மூக்கருகே கொண்டுபோனார்.

"ம். இப்போ."

மூன்று முகங்களும் ஒரே நேரத்தில் கோணின. மாமியாரின் கன்னச் சதை கண்ணை மூடியது. மாமனாரின் உதடு பிதுங்கி, உள்ளே பொய்ப்பற்களின் இளஞ்சிவப்பு விளிம்பு தெரிந்தது. எல்லோரையும்விட நன்றாகச் செய்தவள் நாத்தனார். வாயின் இடது ஓரம் காதுக்கு ஏற, நாக்கைத் தொங்கவிட்டு, "உவ்வே… ச்சீ… ச்சீ…" என்றாள்.

குழந்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. பாடத்தைச் சரிபார்த்துக்கொள்வதைப் போல. பிறகு தானும் சுளித்தது.

"அடி என் சமத்து!" என்று மாமியார் கைதட்டிக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

வாசல்வரை வந்த வாசனை மருமகளுக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. தன் விரலில் இருந்தது. தன் முடியில் இருந்தது. குழந்தையின் எச்சில் பட்டு ஊறிய அந்தப் பஞ்சில் இருந்தது. கிராம்பு எண்ணெய்.

மருமகள் கதவை முழுசாகத் தள்ளித் திறந்தாள்.

"என்ன பண்றீங்க?"

மூவரும் திரும்பினார்கள். நாத்தனாரின் நாக்கு இன்னும் வெளியே இருந்தது.

"ஐயோ, நீ எப்ப வந்த?" என்று அதை உள்ளே இழுத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல, விளையாட்டு. கண்டதையும் வாயில வைக்காம இருக்கப் பழக்கறோம். அப்பா சொல்லிக் குடுத்தாரு."

மாமனார் முகத்தில் துளிப் பதற்றம் இல்லை. நல்ல மாணவி வகுப்புக்கு வந்துவிட்டாள் என்கிற மாதிரி மலர்ந்தார்.

"உக்காரும்மா. உன்கிட்ட நானே சொல்லணும்னு இருந்தேன். நீயும் அறிவியல் படிச்சவ, உனக்குப் புரியும். அருவருப்போட எந்தக் குழந்தையும் பிறக்கறதில்ல. கசந்தா துப்பும், அவ்வளவுதான். தான் நனைச்ச துணியைத் தானே வாயில வச்சுக்கும். எது அசிங்கம்னு பெரியவங்க முகத்தைப் பாத்துதான் படிக்குது. இந்த வயசுல முகம்தான் அதுக்குப் பாடப்புத்தகம். நல்ல பொருளைக் காட்டி நாம முகம் சுளிச்சா? அதையும் அசிங்கம்னே எழுதிக்குமா, எழுதிக்காதா? அதைத்தான் பாக்கறேன்."

"எதுக்குக் கிராம்பு எண்ணெய்?"

"நம்ம வீட்டுல புழங்காத வாசனையா இருக்கணும். குழந்தைக்குக் கெடுதல் இல்லாததா இருக்கணும். நல்லா யோசிச்சுத்தான் எடுத்தேன்."

"என் மேல இருக்கிற வாசனை அது, மாமா."

அவர் இடுக்கியில் இருந்த பஞ்சைப் பார்த்தார்.

"தினம் சாயங்காலம் நான் அந்த வாசனையோடதான் வரேன். அதான் என்னைப் பாத்தா திரும்பிக்கிறா. ஞாயித்துக்கிழமை வரா. மத்த நாள்ல என்னைப் பாத்து…"

"அது…" என்றார் மாமனார். "அது என் கணக்குல வரல."

பொய் சொல்லவில்லை என்பது தெரிந்தது. அதுதான் மருமகளுக்கு இன்னும் குமட்டியது. வன்மம் இருந்திருந்தால் அதற்காகவாவது அவர் மனத்தில் அவளுக்கு ஒரு இடம் இருந்திருக்கும். யார் முகத்தைக் குழந்தை பார்க்கும், எத்தனை நாள் பார்க்கும் என்று எல்லாம் யோசித்த மனிதருக்கு, அம்மா என்று ஒருத்தி இந்த வீட்டுக்குள் மூச்சுவிட்டுக்கொண்டு வந்துபோவது நினைவில்லை.

அதற்குள் அவர் கண்ணில் வெளிச்சம் ஏறிவிட்டது.

"ஆனா பாரும்மா, எவ்வளவு ஆழமாப் பதிஞ்சிருக்கு! பஞ்சு இல்லாமலே, வேற இடத்துல, வேற ஆளுகிட்ட! எப்படித் திரும்புவா? முதல்ல மூக்கா, முதல்ல வாயா?"

"வேற ஆளா?" என்றாள் மருமகள்.

"வாயை மூடுங்களேன்," என்றாள் மாமியார் கணவரிடம். பிறகு மருமகளிடம், "அவர் ஏதோ படிச்சவர், ஆசைக்குச் செஞ்சிட்டார். நீ வேலைய விட்டுட்டா வாசனையும் போச்சு, எல்லாம் சரியாயிடும். இதைப் போய்ப் பெருசு பண்ணாத. உன் புருஷனுக்கும் தெரிஞ்சுதான் நடக்குது."

மேசையில் எண்ணெய்ப் பாட்டில் இருந்தது. சின்ன, பழுப்புக் கண்ணாடி. மேலே ஒட்டிய காகிதத்தில், 'விழுங்கக் கூடாது' என்று மருமகளின் கையெழுத்து.

போன மாதம் கணவன் பல் வலி என்று கேட்டான். வாயைக் காட்டுங்கள் என்றாள். வேண்டாம், எண்ணெய் மட்டும் கொடு என்றான். பயப்படுகிறான் என்று நினைத்து, இரக்கப்பட்டு, மருத்துவமனையிலிருந்து தன் கையாலேயே ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். பஞ்சில் தொட்டு ஈறில் படாமல் வைக்கணும் என்று செய்துகூடக் காட்டினாள்.

உலர்ந்த வாயோடு தண்ணீர்க் கூஜாவைப் பார்த்தாள். இந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்க முடியும் என்று தோன்றவில்லை.

"முதல் வருஷத்துல குழந்தை ஒரே ஒரு பாடம்தான் படிக்குது, இந்த உலகத்த நம்பலாமா கூடாதான்னு. நிச்சயம் பண்ண வந்தப்ப என் அப்பாகிட்ட நீங்கதான் சொன்னீங்க, மாமா. அவர் அதைக் கேட்டுத்தான் என்னை இங்க குடுத்தாரு."

"அது வேற கோட்பாடும்மா. அதுல எனக்கு உடன்பாடு கிடையாது."

நாத்தனார் களுக்கென்று சிரித்துவிட்டாள். ஆனால் மாமனார் அடுத்து சொன்னதில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஒரு கெடுதலும் வராதும்மா. பயப்படாத. எனக்குத் தெரியும். ஏற்கெனவே செஞ்சு பாத்ததுதானே."

"என்னங்க!" என்றாள் மாமியார்.

அந்த ஒரு வார்த்தையில் மாமியாரின் கண் போன இடத்தை மருமகள் பார்த்தாள். நாத்தனாரும் பார்த்தாள். அந்தப் பார்வை நாத்தனார் மேல்தான் வந்து விழுந்திருந்தது.

"எதுல செஞ்சீங்க?" என்றாள் நாத்தனார்.

குழந்தை தட்டில் கரண்டியைத் தட்டியது.

"ரோஜாவா?"

இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கைக் கதை அது. நாத்தனாருக்கு ரோஜா வாசனை ஆகாது. ரோஜா சோப்பு ஆகாது, ரோஜா அத்தர் ஆகாது. கூட வேலை பார்த்த ஒருவர், அவளுக்கும் பிடித்திருந்தவர், ஒருநாள் கவுண்டர் இடுக்கு வழியாக ஒரு கொத்து ரோஜாவை உள்ளே நீட்டினார். அவள் குப்பைத்தொட்டியை இழுத்து வாந்தி எடுத்தாள். வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவர் அடுத்த மாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். விருந்தாளி யார் வந்தாலும் மாமனார் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்று முடித்து, முதலில் சிரிப்பதும் அவர்தான்.

"சொல்லுங்கப்பா. ரோஜாவா?"

"உனக்கு அப்ப ஒண்ணரை வயசு," என்றார் அவர். "ஒரு பூ பிடிக்காததுல என்ன நஷ்டம்? உலகத்துல வேற பூவே இல்லையா?"

"அம்மா, நீயும் சுளிச்சியா?"

மாமியார் முந்தானையால் குழந்தையின் தட்டைத் துடைத்தாள். அழுக்கே இல்லாத தட்டு.

நாத்தனார் எழுந்து கைகழுவும் தொட்டிக்குப் போனாள். முகத்தைக் கழுவினாள். சோப்புப் போட்டுக் கழுவினாள். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினாள்.

"கோவக்காரி, கோவக்காரின்னு சொல்வீங்களே, அது நானா நீங்களா?" என்று கண்ணாடியைப் பார்த்தே கேட்டாள். "எவனும் கிட்ட வர முடியாதுன்னு சொல்வீங்களே, அது? எதெல்லாம் நான்னு எனக்கு இப்ப யாருப்பா பிரிச்சுக் குடுப்பா?"

"யாரோ எழுதினதுதாம்மா குணம். நான் எழுதலன்னா தெரு எழுதியிருக்கும்."

"தெருவே எழுதியிருக்கட்டுமே! தெரு விருந்தாளிகிட்டச் சொல்லிச் சிரிச்சிருக்காது!" குரல் உடைந்தது. "இன்னைக்கு வரைக்கும் நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே இந்தப் பச்சப் புள்ள முன்னாடி நாக்கைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருந்தேனே. நல்லா பண்றேன்னு வேற சொன்னீங்க."

மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் பார்வை மகள் மேல் இல்லை. கத்தல் கேட்டுக் குழந்தையின் முகம் எப்படி மாறுகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தார்.

மருமகள் அதைப் பார்த்தாள். புழு வைத்த பழத்தைக் கடித்த பிறகு, மிச்சத்தில் பாதிப் புழு நெளிவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

*

குழந்தையின் பட்டியை அவிழ்த்து மருமகள் தூக்கினாள். எதிர்பார்த்ததுதான் நடந்தது. மூக்கு சுருங்கியது, இடது ஓரம் ஏறியது, பிஞ்சுக் கை அவள் தாடையைத் தள்ளியது.

"குளிச்சிட்டு வந்து தூக்கேம்மா," என்றாள் மாமியார்.

"மாட்டேன் அத்தை. இதான் நான்."

அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தாள். குழந்தையை எதிரே விட்டாள். அது ஊர்ந்து தள்ளிப் போனது. இவள் துரத்தவில்லை. உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, தன் விரலைத் தானே முகர்ந்து, "ஆஹா" என்றாள். அழுகையை அடக்கிக்கொண்டு சொன்ன ஆஹா என்பதால் அவ்வளவு நன்றாக வரவில்லை. குழந்தை நம்பவில்லை.

சற்று நேரத்தில் நாத்தனார் வந்தாள். முகம் தேய்த்த இடமெல்லாம் சிவந்திருந்தது. கதவைச் சாத்தினாள்.

"நான் பண்ணினதை நானே அழிக்கலாமா?"

"உக்காருங்கக்கா."

இருவரும் தரையில் சம்மணமிட்டு, மருமகளின் கையை மாற்றி மாற்றி முகர்ந்தார்கள். "அடடா, என்ன வாசம்டி!" என்று நாத்தனார் கண்ணை மூடிச் சொக்கினாள். சுளிக்கும்போது இருந்த அதே திறமை. "பிரியாணிக் கடையையே கைக்குள்ள வச்சிருக்க." மருமகளுக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்தது.

உண்மைச் சிரிப்பைக் கேட்டதும் குழந்தை திரும்பியது.

ஒரு முகம் பார்த்தது. இன்னொரு முகம் பார்த்தது. ஊர்ந்து வந்தது, நின்றது, சுளித்தது, மறுபடி வந்தது. மருமகளின் சுட்டுவிரலைப் பிடித்தது. வாயில் வைத்தது. கார்ப்பு சுருக்கென்றதும் உடம்பு சிலிர்த்தது. விரலை விடவில்லை.

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சத்தம் வராமல்.

மருமகள் ஒரு கையாலேயே கைபேசியை எடுத்துப் பெரிய டாக்டருக்குப் பேசினாள். "நான் காலைல சொன்னத மறந்துடுங்க. ஒண்ணு கேக்கணும். பின்பக்க அறைல மருந்துப் பெட்டியெல்லாம் அடுக்கி வச்சிருக்கோமே, அத ஒழிச்சா ஒரு தொட்டில் போட இடம் வருமா?"

"தொட்டில் போடலாம். யாருக்கு?" என்றது மறுமுனை.

"கட்டிலும் போட இடம் வருமா?"

மறுமுனை பதில் சொல்லுமுன் வெளியே கேட் திறக்கும் சத்தம். கணவன். இன்று சீக்கிரமே வந்துவிட்டான். மாமியார் தொலைபேசியில் அழைத்திருக்க வேண்டும்.

அறைக்கதவைத் திறந்து நிலைப்படியில் நின்றான். "என்ன, ரெண்டு பேரும் தரையில? அம்மா என்னமோ சொன்னாங்க…"

நல்ல முகம். அவன் அம்மா அழகாகப் பெற்ற முகம். இந்த முகமும் ஏதோ ஒரு காலையில், இவள் வேலைக்குப் போன பிறகு, அந்த வரிசையில் உட்கார்ந்து கோணியிருக்கும்.

அப்போது மடியில் ஒரு அசைவு. குழந்தை கழுத்தைப் பின்னால் சாய்த்து, இவள் முகத்தை அண்ணாந்து பார்த்தது. வந்திருக்கும் ஆள் நல்லவரா கெட்டவரா என்று அது இவளிடம் கேட்டது.

எழுத வேண்டியதுதான் பாக்கி. ஒரே ஒரு சுளிப்பு போதும்.

மருமகள் சிரித்தாள். பற்கள் தெரிய, கண் சுருங்க, குழந்தையைப் பார்த்து முழுசாகச் சிரித்தாள். அந்த முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கதை சொல்கிற குரலில் கணவனிடம் சொன்னாள்:

"நாளைலேந்து இவ இங்க இருக்க மாட்டா. நானும் இருக்க மாட்டேன். நீங்க எங்க இருப்பீங்கன்னு மட்டும் யோசிச்சு வைங்க."

குழந்தை கைதட்டியது.

அவளுடைய சிரித்த முகத்தைப் பார்த்து அவனும் சிரித்தான். அவள் சொன்னது காதில் போய்ச் சேர அவனுக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.